கல்லூரி மாணவர்களை பி.பி.எட். பக்கம் கொண்டு வருவது எப்படி? கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் ரிசல்ட் வருகிற சமயத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு ஒட்டுவோம். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் போடுவோம். மெடல் வாங்கிய நாலைந்து பையன்களுக்கு போன் செய்து, "பி.பி.எட். போடுறியாப்பா?" என்று கேட்போம். தமிழ்நாட்டின் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் பி.பி.எட்.டுக்கு, அதாவது பட்டம் முடித்தவர்கள் உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்குப் படிக்கிற படிப்புக்கு, ஆள் அனுப்புகிற வேலை இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. நானும் பல வருடம் இப்படித்தான் அனுப்பினேன். போனவர்களில் சிலர் முதல் செமஸ்டரிலேயே திரும்பி வந்தார்கள். சிலர் பட்டம் வாங்கிவிட்டு ஜிம் டிரெய்னராகப் போனார்கள். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு நின்றவர்கள் குறைவுதான்.

தவறு எங்கே என்று புரிய எனக்கு நாளானது. நான் விளையாட்டுக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தேன், தேட வேண்டியது ஆசிரியர்களை. அதன் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். இந்த வேலை மூன்றாம் வருடக் கடைசியில் தொடங்குவதில்லை. மாணவன் இரண்டாம் வருடம் வந்ததுமே தொடங்க வேண்டும்.

முதல் படி: சரியான ஆளைக் கண்டுபிடியுங்கள்

உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியைப் பற்றி ஆராய்ந்தவர்கள் அதற்கு வருகிறவர்களை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். ஒருவருக்குப் பயிற்றுநர் ஆவதில்தான் நாட்டம். நல்ல டீமை உருவாக்க வேண்டும், கோப்பை வாங்க வேண்டும், பாடம் நடத்துவது கூடவே வருகிற சுமை. இன்னொருவருக்குக் கற்பிப்பதில் நாட்டம். ஓடத் தெரியாத குழந்தை ஓடப் பழகினால் அவருக்கு சந்தோஷம். இரண்டு பேருமே வேண்டியவர்கள். ஆனால் ஒரு பள்ளியில் 600 பிள்ளைகள் இருந்தால் டீமில் இடம் பிடிப்பது 50, 60 பேர்தான். மீதிப் பேருக்கு பி.டி. பீரியட் என்ன ஆகும் என்பது ஆசிரியருடைய நாட்டத்தைப் பொறுத்தது.

அதனால் மெடல் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு கிரவுண்டைப் பாருங்கள். பயிற்சி முடிந்ததும் கேட்காமலே பந்துகளை எண்ணி மூட்டை கட்டுகிறவன் யார்? புதிதாக வந்த முதல் வருடப் பெண்ணுக்கு சர்வீஸ் போடும்போது கை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறவள் யார்? மேட்ச் நடக்கும்போது ஸ்கோர் ஷீட்டைத் தப்பில்லாமல் எழுதுகிறவன், தோற்ற அன்றைக்கு ஜூனியர்களைப் பஸ் ஏற்றிவிட்டுக் கடைசியில் போகிறவன். இவர்களில் பலர் பெஞ்சில் உட்காருகிற மாற்று ஆட்டக்காரர்களாக இருப்பார்கள். வருடம் முழுக்க வெளியிலிருந்து ஆட்டத்தைப் பார்த்ததால் அவர்களுக்கு ஆட்டம் நன்றாகப் புரிந்திருக்கும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பார்த்ததைத் தேதியோடு இரண்டு வரி எழுதி வையுங்கள். ஒரு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு பெயர் சேரும். அதில் நாலு பேர் பி.பி.எட். போனால் அது நல்ல வருடம்.

என்.எஸ்.எஸ்., என்.சி.சி. பொறுப்பாளர்களிடமும் கேளுங்கள். காலையில் அணிவகுப்பு நடத்திப் பழகிய என்.சி.சி. சீனியருக்குக் கூட்டத்தின் முன் நின்று குரல் கொடுப்பது கைவந்திருக்கும். அது பாதி வேலை.

இரண்டாம் படி: தகுதியையும் சான்றிதழையும் இரண்டாம் வருடத்திலேயே சரிபாருங்கள்

ஆர்வம் இருந்தும் காகிதம் இல்லாமல் நின்றுபோன பிள்ளைகள் நிறைய. அதனால்தான் மனதில் ஆசை மூட்டுவதற்கு முன்பே இந்த வேலையை வைத்திருக்கிறேன்.

தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் 2014 விதிமுறைகளின்படி பி.பி.எட். இரண்டு வருடப் படிப்பு. அதற்கு முன் ஒரு வருடம்தான் இருந்தது. இன்னும் பல பெற்றோர் 'ஒரு வருடம்தானே' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள். தகுதி சுருக்கமாக இதுதான்: ஏதாவது ஒரு பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண், கூடவே கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியிலோ மாவட்ட, பள்ளி அளவிலான அங்கீகரிக்கப்பட்ட போட்டியிலோ கலந்துகொண்ட சான்று. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி, மாநில, தேசியப் போட்டிகளில் ஆடியவர்களுக்கும், கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகளில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர்களுக்கும் 45 விழுக்காடு போதும். பட்டப் படிப்பில் உடற்கல்வியை ஒரு பாடமாகப் படித்தவர்களுக்கும் 45. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அரசு விதிப்படி தளர்வு உண்டு. விதிகள் திருத்தப்படும் என்பதால் அந்தந்த வருடத்துக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. எதுவாக இருந்தாலும் சரி என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. பிளஸ் டூவிலேயே உடற்கல்வி எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். உங்கள் நோட்டில் இருக்கிற அந்த ஸ்கோர் ஷீட் எழுதுகிற பையன் கல்லூரிக்காக ஒரு போட்டியிலும் ஆடியிருக்க மாட்டான். போட்டிச் சான்று இல்லாமல் அவனை அனுப்ப முடியாது. அவனை இரண்டாம் வருடமே தடகளத்துக்குக் கொண்டு வாருங்கள். 5,000 மீட்டர் ஓட்டத்துக்கும் குண்டு எறிதலுக்கும் பல கல்லூரிகளில் ஆள் கிடைப்பதில்லை. ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் கல்லூரிப் போட்டியில் மரியாதையாக ஓடி முடிக்கலாம். அவன் உண்மையாகவே ஓட வேண்டும். வெறும் பெயரைக் கொடுத்து சான்றிதழ் வாங்கித் தருவது அவனுக்குக் கற்றுத் தரக் கூடாத முதல் பாடம்.

அடுத்தது சான்றிதழில் உள்ள பெயர். ஒரு பையன் நான்கு சான்றிதழ் கொண்டு வந்தான். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் இனிஷியலே இல்லை, நான்காவதில் பெயரில் ஒரு எழுத்து குறைவு. சேர்க்கைக்கு வந்த இடத்தில் நான்கும் ஒரே ஆளுடையது என்று நிரூபிக்க அவன் இரண்டு நாள் அலைந்தான். போட்டி நடத்திய கல்லூரியில் அப்போதிருந்த பொறுப்பாளர் ஓய்வு பெற்றிருந்தார். அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரோடு ஒத்துப் பார்ப்பது, தப்பு இருந்தால் அங்கேயே மாற்றி வாங்குவது, ஸ்கேன் எடுத்து ஒரு பிரதியைத் துறையிலும் வைப்பது. ஐந்து நிமிட வேலைதான்.

மூன்றாம் படி: விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன் பிள்ளைகளைக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கற்பித்துப் பார்க்காதவர்களால் கற்பிக்கப் பிடிக்குமா என்று சொல்ல முடியாது. பள்ளியில் படித்த 12 வருடமும் பி.டி. சாரை அவர்கள் ஒரு பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார்கள். பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்த சாரைப் பார்த்திருந்தால் வேலையே அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். பிரேயரில் பிரம்போடு நின்றவரைப் பார்த்திருந்தால் இந்த வேலையே வேண்டாம் என்பார்கள். அந்தப் படத்தை நம் பேச்சால் மாற்ற முடியாது. மறுபக்கம் நின்று பார்த்தால்தான் மாறும்.

அதற்கான வாய்ப்பு நம்மைச் சுற்றியே இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளை ஒரு வட்டமாகச் சேர்த்து நடத்துகிற குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் வருடா வருடம் நடக்கின்றன. நடத்துகிற பள்ளிக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. ஸ்டாப் வாட்ச் பிடிக்க, ஃபினிஷிங்கில் நிற்க, நீளம் தாண்டுதலில் மணலைச் சமப்படுத்த, பிள்ளைகளை வரிசையாக அழைத்து வர ஆள் வேண்டும். தலைமை ஆசிரியரிடமும் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமும் முன்கூட்டிப் பேசி ஆறேழு பேரை அழைத்துப் போங்கள். சாப்பாடும் ஒரு தொப்பியும் கொடுத்தால் சந்தோஷமாக வருவார்கள்.

அப்படிப் போன ஒரு நாளை என்னால் மறக்க முடியவில்லை. அரசுப் பள்ளி மைதானம், 200 மீட்டர் டிராக். முந்தின நாள் சாயங்காலம் கயிறும் சுண்ணாம்புத் தூளும் வைத்து லேன் போட்டுக்கொண்டிருந்தோம். கூட வந்தவர்களில் ஒரு பெண், பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம், கோ-கோ டீமில் மாற்று ஆட்டக்காரர். இரண்டாவது லேன்காரர் முதல் லேன்காரரைவிட 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும் என்று சொன்னேன். "இது 400 மீட்டர் டிராக் கணக்கு இல்லையா சார்? இங்க வளைவு சின்னதாச்சே" என்றாள். அவளையே கணக்குப் போடச் சொன்னேன். சுண்ணாம்புத் தூளிலேயே விரலால் எழுதினாள். லேன் அகலம் 1.22 மீட்டர். முதல் லேனை உள் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளியும் இரண்டாவதை 20 செ.மீ. தள்ளியும் அளக்கிறோம். அப்படியானால் இரண்டுக்கும் இடைவெளி 1.12 மீட்டர். அதை 2π-யால் பெருக்கினால் 7.04. வளைவின் ஆரம் கணக்கில் அடிபட்டுப் போகிறது. "டிராக் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒரு சுத்துக்கு இதே 7.04 தானா சார்!" என்று நிமிர்ந்து பார்த்தாள். முழங்காலெல்லாம் வெள்ளை.

மறுநாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓட மாட்டேன் என்று ஸ்டார்ட்டிங்கில் நின்று அழுதான். "அவன் மட்டும் முன்னாடி நிக்கிறான்." அந்தப் பெண் அவனைத் திட்டவில்லை. கயிற்றை எடுத்து வந்து முதல் லேன் வளைவின் மேல் போட்டு அளந்து முடிச்சுப் போட்டாள். அதே கயிற்றை இரண்டாவது லேனில் போட்டாள். முடிச்சு வளைவு முடியும் முன்பே நின்றுவிட்டது. "பாருடா தம்பி, அவனுக்கு எவ்வளவு தூரம் அதிகம். அதைத்தான் முன்னாடியே கொடுத்திருக்காங்க." பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் நின்றான். அவன் எத்தனையாவதாக வந்தான் என்பது எனக்கு நினைவில்லை. அவள் முகம் நினைவிருக்கிறது.

குறுவட்டப் போட்டி தவிர, கோடை விடுமுறைப் பயிற்சி முகாம், என்.எஸ்.எஸ். தத்தெடுத்த கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை விளையாட்டு எல்லாமே உதவும். ஒரே ஒரு விதி: ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20 பிள்ளைகளை அரை மணி நேரம் தனியாகக் கொடுக்க வேண்டும், நீங்கள் தூரமாக நிற்க வேண்டும். இடையில் போய்த் திருத்தாதீர்கள். முடிந்ததும், "எந்தப் பிள்ளைக்கு வரவே இல்லை? அதுக்கு என்ன பண்ணின?" என்று மட்டும் கேளுங்கள். பதிலில் ஒரு குழந்தையின் பெயரோ அடையாளமோ வந்தால், நீங்கள் தேடிய ஆள் அவர்தான்.

நான்காம் படி: தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்

பொதுக் கூட்டத்தில் 'யாருக்காவது விருப்பம் இருந்தால்' என்று கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள். ஒருவரைக் கூப்பிட்டு, "போன வாரம் அந்தப் பையனுக்குக் கயிறு போட்டுக் காட்டினியே, அப்படிச் சொல்லித் தர எல்லோருக்கும் வராதும்மா. நீ உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம்னு நினைச்சுப் பார்த்திருக்கியா?" என்று கேளுங்கள். செய்த காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதுதான் இதில் முக்கியம். 'உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு' என்ற பேச்சு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும்.

உடனே பதில் கேட்காதீர்கள். ஒரு மாதம் விடுங்கள். அந்த மாதத்தில், முன்பு உங்களிடம் படித்து இப்போது பள்ளியில் வேலை பார்க்கிறவர் ஒருவரோடு பேச வையுங்கள். நம் வயதுக்காரர் பத்து முறை சொல்வதைவிட, நாலு வருடம் மூத்த அக்காவோ அண்ணனோ ஒரு முறை சொல்வது நன்றாக ஏறும். முடிந்தால் ஒரு நாள் பயிற்சிக் கல்லூரியையும் காட்டி வாருங்கள். சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கியது. ஆசியாவிலேயே இந்தத் துறையின் மூத்த கல்லூரியாக அதைச் சொல்வார்கள். நூறு வருடம் தாண்டிய மரநிழலில் நின்றால் இது நேற்று முளைத்த படிப்பு இல்லை என்பது பிள்ளைகளுக்குப் புரியும். தெற்கே காரைக்குடியில் அழகப்பா, திருச்செந்தூரில் சிவந்தி ஆதித்தனார், மேற்கே பெரியநாயக்கன்பாளையத்தில் மாருதி என்று உங்கள் பக்கமும் ஒன்று இருக்கும். உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் 2005 முதல் இருக்கிறது. வண்டலூர் அருகே மேலக்கோட்டையூரில் அதன் வளாகம்.

ஐந்தாம் படி: வேலை நிலவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள்

'படித்தால் அரசு வேலை' என்று சொல்லிச் சேர்க்காதீர்கள். அரசுப் பள்ளிப் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை. உடற்கல்வி, ஓவியம் போன்ற பாடங்களை நடத்துகிற சிறப்பாசிரியர்களுக்கான தேர்வு 2017-ல் நடந்தது. அடுத்ததை எதிர்பார்த்துக் காத்திருந்தே வயதைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்றது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருடம் தெருவில் நின்றிருக்கிறார்கள். மாணவன் இதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். சேர்ந்த பிறகு வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால் உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

கதவுகள் எங்கே திறந்திருக்கின்றன என்பதையும் அதே உண்மையோடு சொல்லுங்கள். தனியார் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் தேவை இருக்கிறது. சி.பி.எஸ்.இ. 11, 12-ஆம் வகுப்புகளில் உடற்கல்வி ஒரு தேர்வுப் பாடம். அதை வகுப்பறையில் உட்கார்ந்து நடத்த, விடைத்தாள் திருத்த ஆள் வேண்டும். உடலியக்கவியலும் ஊட்டச்சத்தும் தெளிவாகச் சொல்லித் தரத் தெரிந்தவருக்கு அங்கே மரியாதை அதிகம். சம்பளம் பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆகவே பழைய மாணவர்களிடம் கேட்டு உங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்லுங்கள். பி.பி.எட்.டுக்கு அடுத்த முதுகலைப் படிப்பான எம்.பி.எட். முடித்தவர்கள் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி இயக்குநர் நிலை-1 பணிக்கு எழுதலாம். அதற்கான அறிவிப்பு முதுகலை ஆசிரியர் தேர்வோடு சேர்ந்து வரும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும் எழுதித் தேறினால் கல்லூரிப் பக்கமும் வழி உண்டு.

இவ்வளவையும் கேட்டபிறகும் வருகிறேன் என்கிற பிள்ளை பாதியில் விடுவதில்லை. என் அனுபவத்தில் அப்படித்தான்.

ஆறாம் படி: வீட்டாரோடு பேசுங்கள்

பையன்களின் வீட்டில் 'விளையாடிட்டே இருந்தா சோறு போடுமா' என்பார்கள். பெண்களின் வீட்டில் பேச்சு வேறு. அந்தக் கணிதப் பெண்ணின் அம்மா என்னிடம், "வெயில்ல நின்னு கறுத்துப் போயிருவா சார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்றது? கணக்கு டீச்சர்னா ஒரு கௌரவம்" என்றார். நான் வாதாடவில்லை. அந்த அம்மாவே படித்த பெண்கள் பள்ளியில் பி.டி. மிஸ் இருந்தாரா என்று கேட்டேன். இருந்தார் என்றார். ஒருநாள் பள்ளியில் வைத்தே வயதுக்கு வந்தபோது வீட்டுக்குக் கூட்டி வந்து விட்டது அந்த மிஸ்தான் என்று அவரே சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஹாஸ்டல் பாதுகாப்பாக இருக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி சம்மதம்.

வீட்டாரைப் பார்க்கப் போகும்போது கட்டணம், விடுதி, ஷூ, டிராக் சூட் உட்பட இரண்டு வருடச் செலவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெண் பிள்ளை வீட்டுக்கு, வேலையில் இருக்கிற முன்னாள் மாணவி ஒருவரையும் அழைத்துப் போங்கள்.

ஏழாம் படி: விண்ணப்பம், உடல்தகுதி

கல்லூரிக்கு தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் அங்கீகாரம் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விடுதி வசதி, மைதானம் இரண்டையும் நேரில் பார்த்தால் நல்லது. சேர்க்கையில் மதிப்பெண், சான்றிதழோடு ஓட்டம், தாண்டுதல், எறிதல் போன்ற உடல்தகுதித் தேர்வும் பெரும்பாலான இடங்களில் உண்டு. கடைசி செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு ஆறு வாரம் காலைப் பயிற்சி வையுங்கள். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று இரண்டு மாதம் ஓடாமல் இருந்துவிட்டு நேரே 100 மீட்டரில் போய்த் தொடையைப் பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: சேர்ந்த முதல் மூன்று மாதம் கூடவே இருங்கள்

காலை ஐந்தரைக்கு மைதானம், பகலில் உடற்கூறியல் வகுப்பு, சாயங்காலம் மறுபடி மைதானம், ராத்திரி லெசன் பிளான் எழுதுவது. பி.ஏ. தமிழ் படித்தவனுக்கு எலும்புகளின் பெயர் தலை சுற்றும். பி.எஸ்சி. படித்தவளுக்குக் கால் வலி. இந்தச் சமயத்தில்தான் பலர் மூட்டை கட்டுகிறார்கள். வாரம் ஒரு போன் செய்யுங்கள். அதே கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற நம் பழைய மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். முதல் கற்பித்தல் பயிற்சி வரை தாக்குப் பிடித்தால் போதும், பிள்ளைகள் முன் நின்ற பிறகு அவர்களே இருந்துகொள்வார்கள்.

அந்தக் கணிதப் பெண் அக்டோபரில் ஒரு நாள் அழுதுகொண்டே போன் செய்தாள். ஹர்டில்ஸில் விழுந்து முழங்கை தேய்ந்திருந்தது, திரும்பி வந்துவிடட்டுமா என்றாள். அடுத்த வாரம் எங்கள் பக்கத்துக் குறுவட்டப் போட்டிக்கு வந்து லேன் போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் முடிவு செய்யச் சொன்னேன். வந்தாள். சாயங்காலம் சுண்ணாம்புக் கையோடு திங்கட்கிழமைக் காலை பஸ்ஸுக்கு நேரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் வேலை பார்க்கிற பள்ளியிலிருந்து குறுவட்டத்துக்கு வருகிற பிள்ளைகளில் யாரும் 'அவன் முன்னாடி நிக்கிறான்' என்று அழுவதில்லை.